பரங்கிப் பூவுக்குக் காலை ஆறு மணி

மாடித் தோட்டம் போட்டவர்கள் நாலு பேர் சேர்ந்தால் இந்தப் பேச்சு வராமல் போகாது. "பரங்கிக் கொடி நல்லாத்தான் ஓடியிருக்கு, பூவும் பூக்குது, பிஞ்சு மட்டும் நிக்க மாட்டேங்குது." கோலிக்குண்டு அளவுக்குப் பிஞ்சு வரும். இரண்டு நாளில் மஞ்சளிக்கும். அடுத்த நாள் வெம்பி விழும். உடனே ஒருவர் மீன் அமிலம் தெளிக்கச் சொல்வார், இன்னொருவர் பஞ்சகவ்யம் என்பார், மற்றொருவர் கடைக்குப் போய்ப் பூச்சி மருந்தே வாங்கி வந்துவிடுவார். காலை ஆறு மணிக்கு அந்தப் பூவுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு.

பார்த்தால் விஷயம் பாதி விளங்கிவிடும். பரங்கிக் கொடியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. ஒல்லியான நீளக் காம்பின்மேல் நிற்பது ஆண். காம்பு குட்டையாக, இதழுக்கு அடியில் குட்டிப் பரங்கிக்காய் ஒன்றை ஒட்டவைத்தாற்போல் இருப்பது பெண். அந்தக் குட்டிக் காயைப் பார்த்துத்தான் பிஞ்சு பிடித்துவிட்டது என்று மனம் குளிர்கிறது. உண்மையில் அது இன்னும் பிஞ்சே ஆகவில்லை, சூல்பை. ஆண் பூவின் மகரந்தம் பெண் பூவின் நடுவிலுள்ள சூல்முடியில் வந்து ஒட்டினால்தான் அது காயாகும். ஒட்டாவிட்டால் கொடி அதை உதிர்த்துவிடும். பழ ஈ குத்தியும் பிஞ்சு அழுகுவதுண்டு. அப்போது தோலில் குத்திய தடம் தெரியும். தடம் எதுவும் இல்லாமல் வெம்பி விழுந்தால், பெரும்பாலும் அதற்குக் காரணம் நோயல்ல. அந்தப் பூவுக்கு வரவேண்டியவர் வரவில்லை.

பரங்கியின் மகரந்தம் காற்றில் பறக்காது. துகள் பெரிது, கனம், மேலெல்லாம் நுண்ணிய முட்கள். விரலால் தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டும். யாராவது சுமந்து வந்தாக வேண்டும். அதற்குப் பூ கொடுக்கிற அவகாசமோ கொஞ்சம்தான். விடியும் வேளையில் இதழ் விரியும்; வெயில் ஏற ஏறத் துவளும்; பத்து மணி வாக்கில் சுருங்கி மூடிவிடும். மறுநாள் அதே பூ திறக்காது. விதை ஒவ்வொன்றுக்கும் ஒரு மகரந்தத் துகள் வேண்டும், ஒரு பரங்கிக்காயிலோ சில நூறு விதைகள். துகள்கள் அரைகுறையாக வந்து சேர்ந்தால் காய் ஒரு பக்கம் உருண்டு மறுபக்கம் சூம்பி வளரும். சந்தையில் கோணலாகக் கிடக்கிற வெள்ளரிக்காய் பலவற்றுக்கும் இதே கதைதான்.

மார்கழியில் கோலத்தின் நடுவே சாணி உருண்டையில் செருகப் பூப் பறிக்கிற பாட்டிமார் நீளக் காம்புப் பூவாகப் பார்த்துப் பறிப்பார்கள். பிஞ்சு ஒட்டிய பூவில் கை வைக்க விடமாட்டார்கள். தாவரவியல் புத்தகம் படித்து வந்த அறிவல்ல அது. கொடியோடு ஆண்டுக்கணக்கில் பழகி வந்தது.

அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்த காய் இது என்பதைப் பரங்கி என்ற பெயரே சொல்கிறது. அதன் பிறந்த மண்ணில் பரங்கிப் பூவுக்கென்றே வாழ்கிற தேனீ வகை உண்டு. இருள் பிரியும் முன்பே எழுந்து பூவைத் தேடி வரும். அந்த இனத்தின் ஆண்கள் வெயில் ஏறியதும் மூடிக்கொண்ட பூவுக்குள்ளேயே படுத்துத் தூங்கும். காய் கப்பலேறி வந்துவிட்டது, தேனீ வரவில்லை. இங்கே அந்த வேலையை நம்மூர்த் தேனீக்கள் எடுத்துக்கொண்டன. பெட்டியில் வளர்க்கிற அடுக்குத் தேனீ, உயர்ந்த மரத்திலும் பாறையிலும் தண்ணீர்த் தொட்டியின் அடியிலும் பெரிய ஒற்றை அடை கட்டுகிற மலைத்தேனீ, வேலிக் குச்சியைச் சுற்றி உள்ளங்கை அளவில் அடை வைக்கிற கொம்புத்தேனீ, சுவர் விரிசலில் மெழுகுக் குழாய் வாசல் வைத்துக் குடியிருக்கும் கொசுத்தேனீ. இவற்றில் கடைசியாகச் சொன்னது கொட்டாது, நெல்மணியைவிடச் சிறியது. பலரது வீட்டுச் சுவரிலேயே அது இருக்கும், வீட்டுக்காரருக்குத் தெரியாது.

அக்கம்பக்கத்தில் மரமே இல்லாத உயரமான மாடி என்றால் இவற்றில் ஒன்றும் வராமல் போகலாம். அப்போது மனிதர் கைவேலை செய்ய வேண்டியதுதான். ஆண் பூவைக் கிள்ளி, இதழ்களை உரித்துவிட்டு, நடுத்தண்டைப் பெண் பூவின் சூல்முடியில் மெதுவாகத் தேய்த்தால் போதும். ஆனால் அதையும் காலையிலேயே செய்ய வேண்டும். அலுவலகம் போய்த் திரும்பி மாலையில் தேய்த்துப் பயனில்லை.

ஆக, தோட்டத்தைக் கவனிப்பதில் முதல் பாடம் நேரம். எந்தச் செடி என்பதற்கு முன்னால் எத்தனை மணிக்கு என்று கேட்கவேண்டியிருக்கிறது. பரங்கியும் பாகலும் காலைக் கடை. வெண்டைப் பூ காலையில் விரிந்து பிற்பகலில் வாடும். டேபிள் ரோஸ் என்கிற பத்துமணிப் பூ வெயில் உறைத்த பிறகே வாய் திறக்கும். பீர்க்கை சாயங்காலம் மஞ்சள் பூக்களை விரிக்கும், கூடவே அந்திமந்தாரை. சுரைக்கு அந்தி. புடலைக்கு இருட்டவேண்டும். ஒரே பந்தலில் பாகலும் பீர்க்கையும் சுரையும் புடலையும் ஏற்றி வைத்தவர் வீட்டில் நாள் முழுக்க ஏதாவது ஒரு கடை திறந்தே இருக்கும், வாடிக்கையாளர்தான் மாறிக்கொண்டிருப்பார்கள்.

1751-ல் ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலர் லின்னேயஸ் பூக்கள் திறந்து மூடும் நேரத்தை வரிசைப்படுத்தி, பூக்களைக் கொண்டே கடிகாரம் அமைக்கலாம் என்று எழுதினார். தமிழில் இந்த எண்ணம் மிகப் பழையது. பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடையில், மழை மூடிப் பகலும் இரவும் பிரித்தறிய முடியாத நாளில், நகரத்துப் பெண்கள் பிச்சி மொட்டுகளைத் தட்டில் இட்டு வைத்திருக்கிறார்கள். மொட்டு அவிழ்ந்து மணம் வந்ததும் மாலை வந்துவிட்டது என்று தெரிந்து விளக்கேற்றுகிறார்கள். பூவின் நேரத்தை நம்பி வீட்டின் நேரத்தை வைத்துக்கொண்டவர்கள் அவர்கள்.

தேனீக்களும் இந்த நேரக்கணக்கைப் படித்து வைத்திருக்கின்றன. சுவிட்சர்லாந்து மருத்துவரான ஆகஸ்ட் ஃபோரெல் வீட்டில் காலைச் சிற்றுண்டியைத் திறந்த வெளியில் மேஜை போட்டுச் சாப்பிடுவது வழக்கம். ஜாமுக்குத் தேனீக்கள் வந்தன. மேஜையில் ஒன்றும் இல்லாத நாளிலும் அதே வேளைக்கு வந்து நின்றன என்பதை அவர் கவனித்தார். பின்னர் 1929-ல் ஜெர்மனியில் இங்கெபோர்க் பெலிங் என்ற ஆய்வாளர், குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் சர்க்கரைப் பாகு வைத்துத் தேனீக்களைப் பழக்கி, பாகு வைக்காத நாளிலும் அவை அதே நேரத்துக்கு வருவதைச் சோதனையாகவே நிறுவினார். பரங்கிக் கொடிக்கு ஏழு மணிக்கு வந்துபோகிற தேனீ தற்செயலாக வரவில்லை. அந்த வேளை அதற்கு நினைவிருக்கிறது.

வருகிறவர் யார் என்று பார்ப்பது இரண்டாவது பாடம். அதைவிட முக்கியமானது, வந்தவர் என்ன செய்கிறார் என்று பார்ப்பது. பூவுக்கு வருகிறவரெல்லாம் மகரந்தம் சேர்த்துவைப்பவர் இல்லை.

செம்பருத்திச் செடி உள்ள வீடுகளில் இதை ஒரே நாளில் பார்த்துவிடலாம். செம்பருத்தியின் நடுவிலிருந்து நீண்டு வெளியே நிற்கும் தண்டில்தான் மகரந்தமும் சூல்முடியும் இருக்கின்றன. தேனோ இதழின் அடிவாரத்தில். தேன்சிட்டு சில சமயம் முன்பக்கமாக வந்து குனிந்து குடிக்கும். அப்போது தண்டில் உரசும். பல சமயம் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டு, அடிவாரத்தில் அலகால் குத்தித் தேனை மட்டும் உறிஞ்சிவிட்டுப் போய்விடும். கருவண்டும் குழாய் வடிவப் பூக்களில் இப்படிக் கீறிக் குடிப்பதுண்டு. எறும்பும் தேன் குடிக்கிறது, ஆனால் பூவுக்குப் பூ பறந்து போவதில்லை. ஆகவே கவனிக்கிறவர் பார்க்கவேண்டிய இடம் பூச்சியின் முகம் மட்டுமல்ல. அதன் முதுகு, வயிறு, கால். எங்கே மகரந்தம் ஒட்டுகிறது? அடுத்த பூவில் அதே இடம் சூல்முடியைத் தொடுகிறதா? இந்த இரண்டு கேள்வியோடு பத்து நிமிடம் உட்கார்ந்தால் வெறும் வேடிக்கை ஆராய்ச்சியாகிவிடும்.

கத்தரிச் செடியில் அந்தப் பத்து நிமிடத்தைச் செலவழிப்பது நல்லது. கத்தரிப் பூ தலைகவிழ்ந்து தொங்கும். நிமிர்த்திப் பார்த்தால் ஊதா இதழ்களுக்கு நடுவே மஞ்சள் மகரந்தப் பைகள் கூம்பாகச் சேர்ந்து நிற்கின்றன. லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு பையின் நுனியிலும் ஊசி குத்தினாற்போல் சிறு துளை. மேஜையில் வைக்கிற உப்புக் குப்பியைப் போன்ற அமைப்பு. கவிழ்த்தால் மட்டும் போதாது, குலுக்க வேண்டும். பூவில் தேனும் கிடையாது. பரங்கிக் கொடியில் அத்தனை சுறுசுறுப்பாக இருக்கும் அடுக்குத் தேனீக்கு இந்தப் பூட்டைத் திறக்கும் வித்தை தெரியாது.

தெரிந்தவை இரண்டு இங்கே சாதாரணமாக வரும். ஒன்று, கட்டைவிரல் நுனி அளவுக்குக் கறுத்துப் பளபளக்கும் கருவண்டு. மற்றொன்று, தேனீ அளவே இருக்கும். மார்பில் பழுப்பு ரோமம், கறுத்த வயிற்றில் நீல வரிகள். வெயிலில் அந்த நீலம் உலோகம்போல மின்னும். ஓரிடத்தில் நில்லாமல் வெட்டி வெட்டிப் பறப்பதால் பலர் அதைச் சரியாகப் பார்த்திருக்கவே மாட்டார்கள். கத்தரிப் பூவில் மட்டும் அது நிற்கும். கூம்பைத் தாடையால் கடித்துப் பிடித்து, உடலை வில்லாக வளைத்து அணைத்துக்கொள்ளும். இறக்கை அசையாது. ஆனால் பறப்பதற்கான தசைகளை மட்டும் முறுக்கி உடம்பையே அதிரவைக்கும். பறக்கும்போது வருகிற ரீங்காரத்தைவிடச் சுருதி ஏறிய ஒரு குட்டி ஒலி கேட்கும். ஒரு நொடி, நிறுத்தம், மறுபடி ஒரு நொடி. நுனித் துளைகளிலிருந்து மகரந்தம் புகைபோலக் கொட்டி அதன் வயிற்றில் படியும். ஆஸ்திரேலியாவில் இதன் உறவுத் தேனீ ஒன்றைப் படம்பிடித்து ஆராய்ந்தபோது, அது பூவை நொடிக்கு 350 முறை தலையால் முட்டி அதிரவைப்பது தெரிந்தது. 

அது போன பிறகு கூம்பைப் பார்த்தால் தாடை கடித்த இடத்தில் பழுப்புத் தழும்பு விழத் தொடங்கியிருக்கும். கண்ணாடிக் கூடாரங்களில் தக்காளி வளர்ப்பவர்கள் இந்தத் தழும்பை எண்ணித்தான் தேனீக்கள் ஒழுங்காக வேலை பார்க்கின்றனவா என்று கண்டுகொள்கிறார்கள். ஐரோப்பாவில் 1980-களின் கடைசிவரை அந்தக் கூடாரங்களில் ஆட்கள் அதிர்வுக் கருவியைப் பிடித்துக்கொண்டு பூ பூவாகப் போய்க் குலுக்கினார்கள். பிறகுதான் அங்குள்ள பெருவண்டுத் தேனீக்களை வளர்த்து உள்ளே விடும் வழக்கம் வந்தது. தக்காளியும் கத்தரியும் தன் மகரந்தத்தாலேயே காய்க்கக் கூடியவைதாம். காற்று அசைத்தாலும் ஓரளவு காய்க்கும். ஆனால் இப்படிக் குலுக்கப்பட்ட பூவின் காய் நன்றாகத் திரளும்.

இதே பூட்டுதான் ஆவாரம்பூவிலும் சரக்கொன்றையிலும். அங்கே இன்னொரு நுட்பம். மகரந்தத் தாள்கள் எல்லாம் ஒரே அளவில் இல்லை. நடுவில் குட்டையாக உள்ளவற்றை வண்டு பிடித்துக் குலுக்கித் தன் உணவை எடுக்கும். அந்நேரம் நீண்டு வளைந்த தாள்கள் வண்டு பார்க்காத இடத்தில், அதன் உடம்பின்மேல் மகரந்தத்தைத் தூவிவிடும். தீனிக்கு ஒன்று, விதைக்கு ஒன்று. நெல்லை அவிப்பதற்கும் விதைப்பதற்கும் தனித்தனியாகப் பிரித்து வைக்கிற குடும்பத்துக்கு இதைச் சொல்லி விளக்கவேண்டியதே இல்லை.

கருவண்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், ஏனெனில் அதற்கு வீடுகளில் கெட்ட பெயர். மூங்கில் கழியிலும் உளுத்த உத்தரத்திலும் துளைபோட்டுக் குடியிருப்பதால் துடைப்பத்தால் அடித்துத் துரத்துகிறார்கள். அது கூட்டமாக வந்து கொட்டுகிற இனமல்ல. பெண்ணுக்கு மட்டும் கொடுக்கு உண்டு. கையில் பிடித்து நசுக்கினாலொழிய அது கொட்டுவது அரிது. முருங்கைப் பூவைத் தேடி வருகிறவர்களில் முக்கியமானது கருவண்டு. பிள்ளையார் கோயில் ஓரத்து எருக்கம்பூவில், மகரந்தம் தூளாக இல்லாமல் சிறு பைகளாகக் கோத்து வைக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பை கொக்கிபோலக் காலில் மாட்டிக்கொள்ள, அதை இழுத்துக்கொண்டு பறக்கும் உடல்வலு கருவண்டுக்கு உண்டு. தோட்டத்து மூலையில் நாலு உலர்ந்த மூங்கில் துண்டுகளைப் போட்டு வைத்தால் உத்தரமும் தப்பும், முருங்கையும் காய்க்கும்.

எண்ணிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு எளிய முறை ஒன்று இருக்கிறது. பிரிட்டனில் பொதுமக்களைக் கொண்டு நடத்தும் கணக்கெடுப்பில், பூத்திருக்கும் செடி ஒன்றில் அரை மீட்டருக்கு அரை மீட்டர் சதுரத்தை மனத்தில் வரைந்துகொண்டு, பத்து நிமிடம் அதற்குள் பூவைத் தொடுகிற பூச்சிகளை மட்டும் எண்ணச் சொல்கிறார்கள். பெயர் தெரிய வேண்டியதில்லை. தேனீ, ஈ, வண்ணத்துப்பூச்சி, குளவி, எறும்பு என்று பிரித்தால் போதும். நம்மூருக்கும் இது பொருந்தும். பழைய நோட்டு ஒன்றில் தேதி, மணி, செடி, வெயிலா மேகமா, வந்தவர் எத்தனை என்று எழுதி வந்தால் ஒரு மாதத்தில் தோட்டத்தின் ஜாதகமே கையில் இருக்கும்.

இதில் எல்லோரும் முதலில் தடுமாறும் இடம் ஈ. மஞ்சளும் கறுப்புமாக வரி போட்டுக்கொண்டு, தேனீ என்று நம்பவைக்கும் ஈக்கள் பல உண்டு. பூவுக்கு எதிரே காற்றில் அசையாமல் மிதந்து நின்றால் அநேகமாக அது ஈதான். தேனீக்கு இறக்கை நான்கு, ஈக்கு இரண்டு. ஈயின் கண்கள் தலை முழுவதும் பரவியிருக்கும், உணர்கொம்பு இருப்பதே தெரியாது. கொடுக்கு கிடையாது; தேனீ வேஷம் பறவைகளை ஏமாற்றுவதற்கு. இந்த மிதக்கும் ஈக்களில் பலவற்றின் புழு அசுவினியைத் தின்று வளர்கிறது. அவரைக் கொழுந்தில் அசுவினி அப்பிக் கிடக்கும்போது அதன் நடுவே காலில்லாத பச்சைப் புழு ஒன்று ஊர்ந்தால் அதை நசுக்கிவிடக் கூடாது. அது நம் ஆள். மாம்பூவுக்கும் பெரிய உதவி ஈக்கள்தான். கொக்கோ மரத்துக்கோ கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத பொடி ஈக்கள். ஈ என்றாலே முகம் சுளிக்கிறவர்கள் சாக்லேட் தின்னும்போது இதை நினைத்துக்கொள்ளலாம்.

பொறுமையாக எழுதி வைத்தால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்தில் ஒரு சான்று உண்டு. ஜெனிஃபர் ஓவன் என்ற உயிரியலாளர் 1972-ல் தொடங்கி 30 ஆண்டுகள் தன் வீட்டுத் தோட்டத்தை மட்டுமே கணக்கெடுத்தார். புறநகரில் எல்லோருக்கும் இருப்பதுபோன்ற சாதாரணத் தோட்டம். பூச்செடி, காய்கறிப் பாத்தி, புல்தரை. அதில் அவர் பதிவு செய்த தாவரங்களும் விலங்குகளும் சேர்ந்து 2,673 இனங்கள். அவற்றில் ஏறத்தாழ 2,000 பூச்சிகள். வெயில் ஆண்டு முழுக்க அடிக்கிற தமிழ்நாட்டின் கொல்லை ஒன்றில் யாராவது இப்படி 30 ஆண்டு உட்கார்ந்தால் என்னென்ன தேறும் என்று நினைக்கும்போதே ஆவல் பொங்குகிறது.

கவனித்துப் பழகியவர் செடியில் சேதம் கண்டதும் மருந்தை எடுக்கமாட்டார். ரோஜா இலையின் ஓரத்தில் கத்தரிக்கோலால் வெட்டினாற்போல் சுத்தமான அரைவட்டங்கள் விழுந்திருக்கும். புழு தின்றால் இத்தனை வடிவாக இராது. காத்திருந்து பார்த்தால் சற்றுத் தடித்த தேனீ ஒன்று வரும். இலை விளிம்பில் காலை ஊன்றிக்கொண்டு, தன்னைத்தானே சுழன்று தாடையால் வெட்டும். வெட்டிமுடிந்த நொடியில் அந்த இலைத்துண்டை வயிற்றோடு சுருட்டி அணைத்துப் பறந்துவிடும். இலைவெட்டித் தேனீ அது. ஏதாவது குழாயிலோ காய்ந்த தண்டின் பொந்திலோ அந்தத் துண்டுகளைத் தொன்னைபோல மடித்து அடுக்கி, உள்ளே மகரந்தமும் தேனும் பிசைந்து வைத்து, மேலே ஒரு முட்டை இட்டு மூடும். இலையை அது தின்பதில்லை. நாலு இலை போனால் ரோஜாவுக்கு ஒன்றும் ஆகாது.

கறிவேப்பிலைக் கன்றில் வருகிற புழுவும் அப்படித்தான். முதலில் இலைமேல் காக்கை எச்சம் விழுந்தாற்போல் இருக்கும். அதுவே புழுவின் வேஷம். பெருத்ததும் பச்சைக்கு மாறும். விரலால் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த இரட்டைக் கொம்பை நீட்டிக் காரமான வாடை வீசும். அவ்வளவுதான் அதன் ஆயுதம். இரண்டு மூன்று வாரத்தில் அது கறுப்பு இறக்கையில் வெள்ளைப் புள்ளி வரிசை கொண்ட பெரிய வண்ணத்துப்பூச்சியாகி, கறிவேப்பிலை அழகி என்ற பெயரோடு தோட்டத்தைச் சுற்றிவரும். புழுவையெல்லாம் பொறுக்கி எறிந்துவிட்டு, வண்ணத்துப்பூச்சிகளைக் காணோமே என்று வருத்தப்படுகிற வீடுகள் நிறைய. இரண்டு கன்று வைத்து ஒன்றைச் சமையலுக்கும் ஒன்றைப் புழுவுக்கும் விட்டுவிடுவது நல்ல ஏற்பாடு. எருக்கஞ்செடியை வேரோடு பிடுங்காமல் ஓரமாக விட்டு வைத்தால் வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சி வந்து முட்டையிடும்.

மருந்து தெளித்தே தீரவேண்டிய நாளும் வரும். அப்போதும் மணியைப் பார்க்கவேண்டியிருக்கிறது. பூ திறந்து தேனீ நடமாடும் காலை வேளையில் தெளித்தால், வேப்பெண்ணெய்க் கரைசல்கூட அவற்றின்மேல் படும். கடையில் விற்கும் இமிடாகுளோபிரிட் போன்ற மருந்துகள் செடியின் சாற்றோடு கலந்து மகரந்தத்துக்கும் தேனுக்கும் போய்ச் சேருபவை. எந்த நேரத்தில் தெளித்தாலும் தேனீக்கு ஆபத்து நீங்காது. ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் இந்த வகையில் மூன்று மருந்துகளைத் திறந்தவெளிப் பயிர்களுக்குப் பயன்படுத்தத் தடை போட்டது. நாலு தொட்டி கத்தரிக்காக அதை வாங்குவது, கத்தரிக்கு வரும் நீலவரித் தேனீயை நாமே விரட்டுவதாகும்.

நர்சரியில் செடி வாங்கும்போதும் ஒரு கண் வேண்டும். அடுக்குச் செம்பருத்தி, அடுக்கு ரோஜா, பந்து பந்தாகப் பூக்கும் செண்டுமல்லி எல்லாம் அழகுதான். ஆனால் அடுக்குப் பூவில் கூடுதலாகத் தெரியும் இதழ்கள் பெரும்பாலும் மகரந்தத் தாள்கள் உருமாறியவை. பூச்சிக்கு அங்கே கிடைப்பது சொற்பம், கிடைப்பதையும் எட்ட முடியாது. அதே தோட்டத்து மூலையில் யாரும் நடாமல் முளைத்த தும்பையையும் வெட்டுக்காயப் பூண்டையும் பார்த்தால் சிறு தேனீக்களும் குட்டி வண்ணத்துப்பூச்சிகளும் வரிசையில் நிற்கும். ஒரு தொட்டித் துளசியைக் கதிர் கிள்ளாமல் பூக்கவிட்டாலே கொசுத்தேனீ வந்து சேரும். களை என்று பிடுங்குவதற்கு முன் அதன் பூவில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்துவிடுவது நல்லது.

சாயங்காலம் ஆறரைக்கு மேல் இன்னொரு கூட்டம் வருகிறது. புடலைப் பந்தலின் கீழ் நின்றால் இதை முழுசாகப் பார்க்கலாம். பகலெல்லாம் மொட்டு நூல் பந்துபோலச் சுருண்டு கிடந்தது. இருட்டத் தொடங்கியதும் ஐந்து வெள்ளை இதழ்கள் பிரிகின்றன. ஒவ்வொரு இதழின் விளிம்பிலிருந்தும் தலைமுடியைப்போல மெல்லிய வெள்ளை இழைகள் சுருள் சுருளாக அவிழ்ந்து காற்றில் தொங்குகின்றன. மணமும் அப்போதுதான் எழும்புகிறது. இருட்டில் நிறத்துக்கு வேலையில்லை. வெண்மையும் வாசனையும்தான் அழைப்பு. வருகிறவை அந்துப்பூச்சிகள். அவற்றில் பெரியவை பூவில் உட்காருவதில்லை; எதிரே மிதந்தபடி, கடிகாரச் சுருள்வில்லைப்போல் சுருட்டி வைத்திருக்கும் உறிஞ்சுகுழலை நீட்டிக் குடித்துவிட்டு அடுத்த பூவுக்குத் தாவும். பப்பாளிக்கும் இவை வரும். வீட்டு முகப்பில் ரங்கூன் மல்லி இருந்தால், இரவில் வெள்ளையாக விரிந்து அந்துப்பூச்சிக்குத் தேன் கொடுத்த பூ, அடுத்தடுத்த நாளில் இளஞ்சிவப்பாகிச் சிவப்பாக மாறித் தேனீக்கும் தேன்சிட்டுக்கும் தன்னைக் காட்டுவதைப் பார்க்கலாம்.

மொட்டை மாடியில் இரவு முழுக்க எரிகிற வெள்ளை எல்.இ.டி. விளக்கு இந்தக் கூட்டத்தைக் கலைத்துவிடும். சுவிட்சர்லாந்தில் புல்வெளிகளில் தெருவிளக்கை நட்டுவைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2017-ல் நேச்சர் இதழில் வெளியானது. விளக்குள்ள இடத்தில் பூக்களுக்கு இரவில் வந்த பூச்சிகளின் வருகை 62 சதவீதம் குறைந்தது. அங்கே ஆராய்ந்த ஒரு செடியில், பகலில் தேனீக்கள் வந்துபோயும்கூட, காய்ப்பு 13 சதவீதம் சரிந்தது. இரவு வேலைக்காரர் விட்ட வேலையைப் பகல் வேலைக்காரரால் ஈடுகட்ட முடியவில்லை. புடலை காய்க்கவில்லை என்று மண்ணை மாற்றுவதற்கு முன் விளக்கை ஒரு வாரம் அணைத்துப் பார்க்கலாம்.

விளக்கை அணைத்த பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குக் கிளம்புகிறவர், அதன் வெளிச்சத்தைக் கைக்குட்டையால் மறைத்து மங்கலாக்கிக்கொண்டு, பந்தலை ஒட்டிய காய்ந்த கொடித் தண்டுகளையும் புல் தாள்களையும் மெதுவாகப் பார்த்து வரவேண்டும். ஏதாவது ஒரு தண்டில் நாலைந்து பூச்சிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருக்கும். நீல வரி தெரியும். பகலில் நிற்காமல் பறந்த அதே இனத்தின் ஆண்கள். பெண் மண்ணிலோ பழைய மண்சுவரிலோ துளைபோட்டு அதற்குள் தங்கிவிடும்; ஆணுக்கு வீடு கிடையாது. தாடையால் தண்டைக் கடித்துப் பிடித்துக்கொண்டு, கால்களை மடக்கி, அந்தப் பிடியிலேயே உடம்பு முழுவதையும் தொங்கவிட்டுத் தூங்குகின்றன. காற்றில் தண்டு ஆடினால் அவையும் ஆடும். பெரும்பாலும் மறுநாளும் அதே தண்டுக்குத்தான் திரும்பி வரும். அவற்றின் பக்கத்தில் பரங்கிக் கொடியில் நாளைக்குத் திறக்கவேண்டிய மொட்டுகள் இரண்டு, நுனியில் மஞ்சள் தெரிய நிமிர்ந்து நிற்கின்றன. ஒன்று நீளக் காம்பு, மற்றது குட்டைக் காம்பு.